ஊறலும் கைவினையும்: குடியின் படிநிலை பற்றிச் சில குறிப்புகள்

'கிராஃப்ட் பீர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கைவினைப் பீர்' என்று எழுதிவிடலாம். அகராதிக்கு அது போதும். ஆனால் அந்தப் பீரைச் செய்கிற வினையைச் சொல்ல வரும்போது மொழி தடுமாறுகிறது. பால் காய்ச்சலாம், கஞ்சி காய்ச்சலாம். வெறுமனே 'அவன் காய்ச்சுறான்' என்றால் போலீஸ் தேடுகிற ஆள் என்று அர்த்தம். 'ஊறல்' என்ற சொல்லின் கதி இன்னும் மோசம். கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்ற செய்திக்கு வெளியே அதற்கு இன்று வாழ்வே இல்லை. தானியமோ வெல்லமோ பழமோ தண்ணீரில் ஊறிப் புளித்து மதுவாக மாறும் இடைநிலையைக் குறிக்கும் நல்ல சொல் அது. அதே இடைநிலை பெங்களூரில் எஃகுத் தொட்டிக்குள், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், விளக்கு போட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் தடியால் உடைக்கப்படுவதும் இன்னோரிடத்தில் கண்ணாடி வழியே ரசிக்கப்படுவதும் ஒரே வேதிவினைதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். 'டேப்ரூம்' என்பது பீர் வடிக்கிற இடத்திலேயே, தொட்டியிலிருந்து குழாய் வழியாக நேரே கோப்பைக்கு ஊற்றித் தரும் கூடம். பாட்டில் இல்லை, லாரி இல்லை, கிடங்கு இல்லை. செய்முறை ஒன்றும் மர்மமானதல்ல. பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுமுன் வாட்டி உலர்த்தினால் 'மால்ட்'. அதை உடைத்து வெந்நீரில் கரைத்து வைத்தால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்தெடுத்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் சில நாளில் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. அறைச் சூட்டில் வேகமாகப் புளித்தால் 'ஏல்'. குளிரில் நிதானமாகப் புளித்தால் 'லாகர்'. பெரிய ஆலைகள் இதையே லட்சக்கணக்கான லிட்டரில், மாதக்கணக்கில் கெடாதபடி, எந்த ஊரில் குடித்தாலும் ஒரே ருசியாகச் செய்கின்றன. சின்ன வடிசாலைகள் அந்த ஒரே ருசிக்கு எதிரான கலகமாகத் தம்மை முன்னிறுத்திக்கொள்கின்றன. இந்தியாவில் 2009இல் புனேயில் டூலாலி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூர் இதன் தலைநகராகிவிட்டது.

அப்படிப் புதிதாகத் திறந்த ஒன்றுக்கு, இந்திரா நகர்ப் பக்கம், ஒரு நண்பர் என்னைக் கூட்டிப்போனார். சாப்பாடு மெக்சிகோச் சாப்பாடு: டாக்கோ, நாச்சோஸ், தக்காளியும் பச்சை மிளகாயும் பொடிசா நறுக்கிப் போட்ட சால்சா. கரும்பலகையில் ஒவ்வொரு பீரின் ஊர், கசப்பு, சதவீதம் எல்லாம் சாக்பீஸில் எழுதியிருந்தது. பரிமாறிய தம்பி தமிழ்ப் பையன். 'நாலஞ்சு நாள்ல தீர்த்துடணும் சார், உள்ள எதுவும் கலக்கல, உயிரோட இருக்கிற பீர்' என்றார் பெருமையாக. இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 'காலையில எறக்குனது, சாயங்காலம் புளிச்சிடும், இப்பவே குடி' என்று பனையடியில் சொல்லப்படுவதும் இதுதான். கலப்படமில்லாதது, உள்ளூரில் ஆனது, செய்தவர் கையாலேயே ஊற்றப்படுவது, தள்ளிவைக்க முடியாதது. கைவினைப் பீரின் விளம்பரச் சொல்லாடல் முழுவதும் கள்ளுக்கடையின் இலக்கணம். வேறுபாடு, ஒன்றுக்குக் கரும்பலகை உண்டு, மற்றதற்கு முதல் தகவல் அறிக்கை உண்டு என்பதே.

பியர் பூர்தியு 1979இல் வெளிவந்த தம் 'டிஸ்டிங்ஷன்' நூலில் ரசனை என்பது தனிமனித விருப்பமல்ல, வர்க்கம் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் முறை என்று விரிவாகக் காட்டினார். நாக்கு வர்க்கத்தின் உறுப்பு. ஆவடி, பட்டாபிராம் பக்கம் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளி ஒரு கட்டிங் வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கலந்து, நாலு சுண்டல் வாயில் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நடக்கிறார். அவரிடம் யாரும் 'ருசி எப்படிண்ணே' என்று கேட்பதில்லை. அவருக்குப் போதை, டேப்ரூம் வாடிக்கையாளருக்கு ருசி. ஒன்று சமூகப் பிரச்சினை, மற்றது வாழ்க்கைமுறை. 'குடிகாரன்' என்ற சொல் முதலாமவர்மீது மட்டுமே ஒட்டும்.

2

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பிரதி நினைவுக்கு வரவேண்டும். பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. நெமிலிச்சேரியும் ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய தொண்டை மண்டலத்தின் பிரதி. அதில் வலைஞர் குடியிருப்பில் மது செய்யும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. அரிசிக் களியைத் துழாவி ஆறவைக்கிறார்கள். முளையைச் சேர்க்கிறார்கள், நெல்முளையை இடித்துச் சேர்ப்பது என்று உரை கொள்வார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடுகிறார்கள். பிறகு வெந்நீரில் விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். வழிப்போக்கனான பாணனுக்குச் சுட்ட மீனோடு அது கிடைக்கும் என்கிறது பாட்டு. முளைத்த தானியம், மாவுச்சத்து சர்க்கரையாதல், சாடியில் புளித்தல், வடித்தல், உடன் உணவு. இது பீர்தான், அந்த வலைஞர் வீடு ஒரு டேப்ரூம்தான்.

'பார்த்தாயா, அன்றே நம் முன்னோர்...' என்று நெஞ்சு நிமிர்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெருமிதம் ஒரு பிரதியை வாசிப்பதற்குப் பதிலாகச் செய்யப்படும் சோம்பேறித்தனம். இங்கே கவனிக்க வேண்டியவை வேறு. ஒன்று, மது வீட்டுவேலையின் நீட்சியாக, சமையலின் பகுதியாக இருக்கிறது. இரண்டு, செய்பவரும் தருபவரும் ஒருவரே. நடுவில் அரசும் இல்லை, ஒப்பந்ததாரரும் இல்லை. மூன்று, அது உணவோடு சேர்த்தே தரப்படுகிறது. புறநானூற்று ஔவை அதியமான் இறந்தபோது பாடிய பாட்டில் நட்பின் அளவுகோலாகக் கள்ளே வருகிறது. பின்னால் குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. தமிழ் மரபு என்பது ஒற்றைக் குரல் அல்ல. விருந்தும் கண்டனமும் அதற்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கின்றன. மதுவிலக்கைத் தமிழ்ப் பண்பாடு என்பவர்களும் கள்ளைத் தமிழ்ப் பண்பாடு என்பவர்களும் அந்த வழக்கில் ஒரு தரப்பை மட்டும் எடுத்துப் பேசுகிறார்கள்.

3

மெக்சிகோச் சாப்பாட்டுக்கு வருவோம். இது நமக்கு அந்நியம் என்ற எண்ணமே ஒரு மறதி. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றையும் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் அந்நிலத்தின் தொல்குடிகள்; போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் மிளகாய் நம் கரைக்கு வந்தது. மிளகுபோல் காரமான காய் என்று பேர் வைத்து நமதாக்கிக்கொண்டோம். ரசத்தில் மெக்சிகோ இருக்கிறது; அதற்கு யாரும் 'ஃப்யூஷன்' என்று பெயர் வைப்பதில்லை.

ஆனால் பொருள் பயணம் செய்யும்போது அறிவு கூடவே பயணம் செய்வதில்லை. மெக்சிகோப் பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறப்போட்டுப் பிறகே அரைப்பார்கள். நிஷ்டமல் என்று அதற்குப் பெயர். சோளத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் அந்தச் சுண்ணாம்பால்தான் உடம்புக்குக் கிடைக்கும்படி விடுபடுகிறது. ஐரோப்பியர் சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அது பூர்வகுடிப் பெண்களின் அடுப்படி வேலை, அதில் என்ன அறிவு இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம். விளைவு, பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநில ஏழைகளும் பெலக்ரா நோயில் தோலுரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். இத்தனைக்கும் பிறகு 1899இல் மெக்சிகோவின் பிரான்சிஸ்கோ புல்னெஸ் மனித இனங்களைக் கோதுமை, அரிசி, சோளம் என்று பிரித்து, சோளம் தின்னும் இனம் முன்னேறாது என்று எழுதினார். 2010இல் யுனெஸ்கோ அதே மெக்சிகோச் சமையலை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இழிவுக்கும் பாரம்பரியத்துக்கும் இடையே மாறியது சோளம் அல்ல. அதைத் தின்பவர் யார் என்பதுதான்.

சுண்ணாம்பு நம் கதையிலும் வருகிறது. பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் அடங்கி, சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. தடவாவிட்டால் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் அவர் உழைப்பாளி, இல்லாவிட்டால் குற்றவாளி. பெங்களூரில் புளிப்பு ஒரு கலை. தேரிக்காட்டில் புளிப்பு ஒரு குற்றப்பிரிவு.

கள்ளுக்கு மெக்சிகோவில் ஒரு சகோதரி உண்டு. மாகே என்ற பெருங்கற்றாழையின் குருத்தைக் குடைந்தால் சுரக்கும் இனிப்புச் சாறு புளித்து புல்க்கே ஆகிறது. வெள்ளையாக, நுரைத்து, ஏறக்குறைய கள்ளின் சதவீதத்தில் இருக்கும். நம் ரயில் பாதை ஓரங்களில் வேலியாக நட்டு 'ரயில் கத்தாழை' என்று பேர் பெற்றதும் இந்தக் குடும்பத்துச் செடியே. பால் லிண்ட்னர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1920களில் புல்க்கேயிலிருந்து பிரித்தெடுத்த சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியம் பனங்கள்ளிலும் வேலை செய்கிறது. கடல் கடந்த உறவுக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

புல்க்கேயின் வரலாறு நமக்குப் பாடம். ஸ்பானிய ஆட்சி அதன்மேல் வரி போட்டுச் சம்பாதித்தது; 1692இல் மெக்சிகோ நகரில் கலகம் வெடித்ததும் பழியைப் புல்க்கேமேல் போட்டுத் தடை செய்தது; வருமானம் இல்லாமல் சில ஆண்டில் தடையை விலக்கியது. வரி, தடை, மறுபடி வரி: இந்தத் தாளம் நமக்குப் பழக்கமானது. 1890இல் மான்டெர்ரேயில் குவாட்டமாக் ஆலையும் 1925இல் மொடேலோ ஆலையும் எழுந்தன. புல்க்கே சீக்கிரம் புளிக்க அதில் சாணி மூட்டையை முக்குகிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் பரவியது. பீர் சுத்தம், நவீனம், விஞ்ஞானம். புல்க்கே அழுக்கு, இந்தியன், ஏழை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் புல்க்கேக் கடைகள் அருகிப்போயின. ஒரு பானத்தை ஒழிக்கச் சட்டம்தான் வேண்டும் என்பதில்லை, அருவருப்பு போதும்.

4

நம்மிடம் சட்டம், அருவருப்பு இரண்டுமே இருந்தன. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் மதுவை மையப்படுத்தப்பட்ட வருவாய்த் துறையாக்கியது. காய்ச்சுதல் ஆலைக்குப் போயிற்று, மரத்துக்கு வரி வந்தது. தேசிய இயக்கம் அதன் மறுபக்கமாகக் கள்ளுக்கடை மறியலை நடத்தியது. பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தது இந்த அலையில்தான். பின்னாளில் அவரே மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தார் என்பதை மரம் வெட்டிய கதை சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள்.

1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுவதும். 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தியது. 1974க்குள் மறுபடி மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆலை மதுவுக்குத் தடையில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. இந்த வரிசையை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். 1987க்குப் பிறகு இங்கே நடப்பது மதுவிலக்கு அல்ல, செய்முறை விலக்கு. நான்கைந்து சதவீதக் கள் சட்டவிரோதம். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தைக் கொண்டு தயாரித்த 42.8 சதவீத 'அயல்நாட்டு' மது சட்டபூர்வம். உடல்நலம்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். மரத்தடிக் கள்ளை இப்படி எண்ணி வசூலிக்க முடியாது. அரசு விரும்புவது போதையற்ற சமூகத்தை அல்ல, எண்ணக்கூடிய போதையை.

இதில் சாதியைப் பேசாமல் நகர முடியாது. பனையேறும் தொழிலைக் காட்டியே நாடார்களுக்குக் கோயில் கதவு அடைக்கப்பட்டது. கமுதி வழக்கில் 1908இல் பிரிவி கவுன்சில்வரை போயும் அவர்கள் தோற்றார்கள். கள் இறக்குவதை விட்டொழிக்கும்படி நாடார் மகாஜன சங்கம் தன் மக்களிடமே பிரசாரம் செய்தது. மரத்தைவிட்டு இறங்குவதே மேலேறும் வழியாக இருந்த சமூகத்தில், 'கள் நம் மரபு பானம்' என்று நகரத்தில் உட்கார்ந்து உருகுவது எளிது. அந்த மரபின் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்க வேண்டும். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் எந்தக் கரும்பலகையிலும் இல்லை.

5

இப்போது நெமிலிச்சேரி. வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டம் முடிந்ததும், மீஞ்சூர் போகும் இரண்டாம் கட்டம் தொடங்கியதும் இங்கேதான். அரக்கோணம் மார்க்கத்தில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் மின்ரயில் நிற்கும். ஏரிப்பாசன ஊர் மனைப்பிரிவாகி, மனைப்பிரிவு அடுக்ககமாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. இந்திரா நகரின் ரசனைக்கு வேண்டிய சம்பளம் இந்தப் பக்கமும் வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சம்பளம் வந்தால் நாக்கு மாறும்.

டேப்ரூம் இங்கே இல்லை. ஆனால் பீர் ஆலை சற்றுத் தொலைவில், பூந்தமல்லி அருகே குத்தம்பாக்கத்தில் இருக்கிறது. அதே குத்தம்பாக்கம் இன்னொரு காரணத்துக்காகவும் அறியப்பட்டது. 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, கள்ளச்சாராயத்தில் மூழ்கிக் கிடந்த ஊரில் மாற்று வேலைகளை உருவாக்கி, தற்சார்புக் கிராமம் என்ற காந்தியக் கனவைச் செய்துபார்க்க முயன்ற ஊர் அது. காய்ச்சியவர்களைக் காய்ச்சாமல் செய்ய ஓர் ஊராட்சி போராட, அதே ஊர் எல்லையில் பெருமுதலாளியம் காய்ச்சுகிறது. ஒன்றுக்குப் பெயர் சமூகத் தீமை, மற்றதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி.

ஆலை யுனைடெட் புரூவரிஸுக்கு உரியது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய வடிசாலைகளை இணைத்து உருவாக்கிய நிறுவனம் அது. 2021இல் டச்சு நிறுவனமான ஹைனெகன் அதில் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. அந்த ஹைனெகன்தான் 2010இல் மெக்சிகோவின் குவாட்டமாக் ஆலையையும் வாங்கியது. மொடேலோவை 2013இல் ஏபி இன்பெவ் விழுங்கியது. ஆக, புல்க்கேயை ஓரங்கட்டிய ஆலைக்கும் குத்தம்பாக்கத்து ஆலைக்கும் முதலாளி ஒருவரே. மெக்சிகோவும் நெமிலிச்சேரியும் சந்திப்பதற்கு டாக்கோ வரவேண்டியதில்லை. ஆம்ஸ்டர்டாமின் கணக்கேட்டில் அவை ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்து வரிகள். ரோலான் பார்த் பிரெஞ்சுக்காரர்களின் ஒயின் பற்றி எழுதியபோது, அந்த இன்பத்துக்குப் பின்னால் அல்ஜீரியாவில் பறிக்கப்பட்ட நிலம் இருப்பதை மறக்கவில்லை. நாமும் கோப்பையை அந்த அளவுக்காவது சாய்த்துப் பார்க்க வேண்டும்.

6

'அப்படின்னா கள்ளுக்கடையைத் திறக்கணும்னு சொல்றியா?' என்று தோழர்கள் கேட்பார்கள். பெண்களைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் தொடங்கிய சாராய எதிர்ப்பு ஆந்திராவையே உலுக்கியது; அதை நடத்தியவர்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த கிராமத்துப் பெண்கள். தமிழ்நாட்டில் 2017இல் கடைகளை முற்றுகையிட்டதும் பெண்களே. புருசன் கூலி வீட்டுக்கு வராத இரவை அனுபவித்தவளிடம் நொதித்தலின் அழகியல் பேசுவது ஆபாசம். கள் சாராயத்தைவிட மென்மையானது என்பது உண்மை. கள் குடித்தவன் அடிக்கமாட்டான் என்பது உண்மையல்ல.

ஆனால் அந்தப் பெண்களின் எதிர்ப்பைத் தார்மீகக் கூப்பாடாகச் சுருக்குவதும் தவறு. அவர்கள் கேட்டது கூலி யார் கையில் போகிறது என்ற கேள்வியை. அது பொருளாதாரக் கேள்வி. தடையின் விலையையும் அவர்களே கட்டுகிறார்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களின் வீடுகளில் மிஞ்சியவர்கள் பெண்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்ட சாவுகள். செத்தவர்களில் பெண்களும் உண்டு. மலிவான, மென்மையான, கண்முன் இறக்கிய பானம் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டால், அந்த இடத்தைக் குவாட்டரும், குவாட்டருக்குக் காசில்லாதபோது விஷப் பாக்கெட்டும் நிரப்புகின்றன.

ஆகவே 'குடிக்கலாமா கூடாதா' என்ற கேள்வி நம்மை ஏமாற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கேட்க வேண்டியவை வேறு. யார் செய்கிறார்கள்? யார் விற்கிறார்கள்? லாபம் எந்த ஊரில் தங்குகிறது? எந்தக் குடிக்கு மேசை நாற்காலி, எந்தக் குடிக்குச் சாக்கடையோரம்? கடை எங்கே, எத்தனை மணிவரை என்பதைத் தீர்மானிக்கும் கிராம சபையில் பெண்ணின் கை உயர்ந்தால் அது கணக்கில் வருமா?

நாளை வெளிவட்டச் சாலை ஓரம் எஃகுத் தொட்டியும் கண்ணாடிச் சுவருமாக ஒரு வடிசாலை திறக்கப்படலாம். மெக்சிகோச் சாப்பாட்டோடு, 'உள்ளூர்' என்ற வார்த்தையோடு, ஒருவேளை சுவரில் பனைமர ஓவியத்தோடு. பனை நம் மாநில மரம் ஆயிற்றே. அதை எதிர்க்க எனக்குக் காரணமில்லை. சின்னதாக, சுத்தமாக, செய்தவர் பெயர் தெரிய ஒரு பானம் செய்வது நல்ல வேலைதான். ஆனால் அந்த உரிமத்தில் கையெழுத்து போடும் அதே மேசைக்குப் பனையேறி ஒருவர் கலயத்தோடு வந்து நின்றால், அவருக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்க வேண்டும். அது இல்லாதவரை 'கைவினை' என்பது கையைக் குறிக்கும் சொல் அல்ல, முதலைக் குறிக்கும் சொல்.